மொபெட்டுக்குப் பின்னால் ஒரு வண்டி

(கோட்டக்குப்பத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான்தான் மாற்றிக் கேட்டேன். போன மாசக் கூட்டம் பாதியில் கலைந்தது உங்களுக்குத் தெரியும். ஐ.டி.ஐ. முடித்த ரெண்டு தம்பிகள் ஒரு யோசனை சொன்னாங்க. குப்பை வண்டி தள்ளுற அக்காமாருக்கு, அந்த வண்டியை டி.வி.எஸ். எக்ஸெல்லுக்குப் பின்னால மாட்டி இழுக்கிற மாதிரி ஒரு கொக்கி செஞ்சு கொடுக்கலாம்னு. உடனே ஒரு தோழர் எழுந்து, "சாதித் தொழிலுக்கு மோட்டார் மாட்டிக் கொடுக்கிறதுதான் விடுதலையா?" என்று கேட்டார். அதுக்கு இன்னொருத்தர், "அவங்க தோள்பட்டை வலிக்கு உன் தத்துவத்தைத் தேய்ச்சுவிடுவியா?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. ரெண்டு கேள்வியுமே நியாயமான கேள்வி என்பதால்தான் நான் இன்று கொக்கியைப் பற்றிப் பேசுகிறேன். கவிதை எங்கேயும் ஓடிப்போகாது.

முதலில் வண்டிக்கும் நமக்கும் என்ன உறவு என்று பார்த்துவிடலாம்.

1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். புலையர் சாதியில் பிறந்தவர். பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலம். மாடு பூட்டி, மணி கட்டி, சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். ஆதிக்கச் சாதிக்காரர்களுக்கு அந்த மணிச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இங்கே, சென்னை மாகாணத்தில், பொதுச்சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் போட வைக்க இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சட்டசபையில் நின்று பேச வேண்டியிருந்தது. அதாவது சாலை என்பது நமக்குத் தானாக வந்தது கிடையாது. வாதாடி வாங்கியது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலும் ரெண்டு வண்டி வருகிறது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படிக்காதவர்கள் படித்துவிட வேண்டும். 1901-இல், பத்து வயசுப் பையனாக, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஏற்றமாட்டேன் என்கிறான். மகர் பிள்ளைகள். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவது என்று ஏற்பாடு ஆகிறது. இரட்டைக் காசும் கொடுத்து, வேலையையும் நாமே செய்யணும். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்குங்க, பேச்சுக் கடைசியில் மறுபடி தேவைப்படும்.

ரெண்டாவது வண்டி 1929-இல், சாலிஸ்காவில். அதற்குள் அவர் பாரிஸ்டர், டாக்டர் பட்டம் வாங்கியவர், அரசுக் கமிட்டி உறுப்பினர். அப்பவும் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம், ஓட்டமாட்டோம் என்றார்கள். விருந்தாளி நடந்து வந்தால் சேரிக்கே மரியாதைக் குறைச்சல் என்று நினைத்த நம்ம ஜனங்கள், வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத தங்களில் ஒருத்தரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றின் மேலே ஒரு பாலம், பக்கச்சுவர் கிடையாது, இடைவெளி விட்டு நட்ட கற்கள் மட்டும். சக்கரம் ஓரத்துக் கல் ஒன்றில் பலமாக மோதி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, பாபாசாகேப் பாலத்தின் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். காலில் எலும்பு முறிவு.

இந்தச் சம்பவத்தை நம்ம மேடைகளில் சாதிக் கொடுமைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். சரிதான். ஆனா அவர் எழுதியிருப்பதில் இன்னொரு சங்கதி இருக்கு. மானத்தைப் பற்றி யோசித்தவர்கள் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை என்பதையும் அவர் பூசி மெழுகாமல் சொல்கிறார். கோபப்படாமல்தான் சொல்கிறார். ஓட்டியவருக்கு ஓட்டத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவருக்கு வண்டியும் குதிரையும் எப்போதும் மறுக்கப்பட்டதுதான். ஆனால் குதிரைக்கு அந்தச் சமூகவியல் தெரியாது, பாலத்துக்கும் தெரியாது. இரும்புக்கும் தெரியாது என்பதால் இப்போது இரும்புக்கு வருகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை அஞ்சு மணிக்கு நின்று பாருங்கள். மீன் பெட்டி, ஐஸ் பெட்டி, இளநீர்க் குலை, சவுக்குக் கட்டு, கேஸ் சிலிண்டர், எல்லாம் மொபெட்டில் போகும். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தபோது ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் என்றுதான் விற்றார்கள். நம்ம ஆட்கள் அதை முதல் வாரமே லாரி ஆக்கிவிட்டார்கள். பிறகு கம்பெனியே புரிந்துகொண்டு கனரக மாடல் விட்டது. 2015-இல் வந்த எக்ஸெல் 100, நூறு சி.சி.க்கு ஒரு புள்ளி குறைவு, சுமார் 4 குதிரைச் சக்தி, கியர் கிடையாது. மேலே ஏற்றுகிற சுமைக்கு ஓர் அளவு வந்தபின், அடுத்த யோசனை எல்லாருக்கும் ஒன்றுதான்: பின்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுத்தால் என்ன?

இழுக்கிறார்கள். மூணு விதமாக இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கயிறு. ரெண்டு, பின்சீட்டில் ஒருத்தர் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தள்ளுவண்டியின் பிடியைக் கையால் பிடித்துக்கொண்டு போவது. மூணு, ராடு போட்டுப் பற்றவைத்தது.

கயிறு கூடவே கூடாது. நீங்கள் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது, கயிறு தொய்ந்து வண்டி உங்கள் பின்சக்கரத்தில் வந்து மோதும். மறுபடி கிளம்பினால் கயிறு சடாரென்று விறைத்து வெட்டும். தொய்ந்த கயிறு சக்கரக் கம்பியில் சுற்றினால் கதை முடிந்தது. கயிறு இழுக்க மட்டும்தான் தெரிந்த பொருள், நிறுத்தத் தெரியாது.

கையால் பிடிப்பது ஏன் ஓரளவு நடக்கிறது? நம்ம தோள்மூட்டு ஒரு கிண்ணத்துக்குள் உருண்டை. எல்லாப் பக்கமும் திரும்பும், விரல் நினைத்த மாத்திரத்தில் விட்டுவிடும். ஆகச் சிறந்த கொக்கி அதுதான். அதனால்தான் அது தேயவும் செய்கிறது. அந்த அக்கா ராத்திரி தோளில் தைலம் தேய்க்கிறாங்களே, அது தேய்ந்த கொக்கிக்குப் போடுகிற கிரீஸ்.

ஆக நாம செய்யப்போற கொக்கி அந்தத் தோள் செய்கிற வேலையைச் செய்யணும். ரெண்டு சக்கர வண்டி காருக்கும் டிராக்டருக்கும் மாறுபட்டது, வளைவில் சாயும். மொபெட் வலப்பக்கம் சாயும்போது பின்னால் வருகிற வண்டி நிமிர்ந்தே இருக்கும். அதனால் இணைப்பு மூணு அசைவுக்கு இடம் கொடுக்கணும். திரும்பும்போது இடம் வலமாக. வேகத்தடை ஏறி இறங்கும்போது மேலும் கீழுமாக. சாயும்போது தன்னச்சிலேயே முறுக்கிக்கொள்வதாக. டிராக்டர் டிரெய்லருக்குப் போடுற மாதிரி ஒரு ஓட்டையில் ஒரு முளை போட்டால் முதல் அசைவு கிடைக்கும், கொஞ்சம் தளர்வாக விட்டால் ரெண்டாவதும் கிடைக்கும். மூணாவது கிடைக்காது. வளைவில் சாயப் போனால் வண்டி சாய விடாது, நிமிர்த்தித் தள்ளும். வளைவில் மொபெட்டை நிமிர்த்தினால் அது எங்கே போகும்? நேராகப் போகும், எதிரே வருகிற பஸ்சுக்கு.

பட்டறைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் வருகிற கிராஸ் இருக்கு இல்லையா, கூட்டல் குறி மாதிரி, நாலு முனையிலும் ஊசி பேரிங் வச்ச கிண்ணம். அதைச் சின்ன வண்டியிலிருந்து எடுத்தால் ரெண்டு அசைவு அதிலேயே வந்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப்பு சுழல்கிற மாதிரி விட்டு, கழன்று வராமல் வாஷரும் நட்டும் போட்டு காட்டர் பின் குத்தினால் மூணாவது. சிலபேர் காரின் ஸ்டியரிங் பால் ஜாயின்டைப் போடுகிறார்கள். அது ஒன்றே மூணையும் செய்யும், ஆனால் எவ்வளவு கோணம் திரும்பும் என்பதைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுப் போடணும். முழு வளைவில் இடித்துக்கொண்டு நின்றால், அங்கே நெம்பி உடையும்.

எங்கே மாட்டுவது? கேரியரில் மாட்டாதீர்கள். அது மெல்லிய பைப்பு, மேலிருந்து வருகிற பாரத்துக்குச் செய்தது, பின்னால் இழுக்கிற இழுப்புக்குச் செய்ததில்லை. உயரமும் தப்பு. இழுப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கோ, அவ்வளவுக்கு முன்சக்கரம் லேசாகும். மேட்டில் ஸ்டியரிங் கைக்கு வராமல் போகும். சேசிஸ் பைப்பின் ரெண்டு பக்கமும் பட்டை போட்டு, யு கிளாம்ப் வைத்து இறுக்கி, பின் அச்சு உயரத்துக்கோ அதற்குக் கீழேயோ இணைப்பைக் கொண்டு வாருங்கள். சேசிஸ் மேலே நேரடியாகப் பற்றவைக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பைப்பின் பலம் போகும். விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. கொக்கி போனாலும் வண்டி தனியாக ஓடாமல் இருக்க ஒரு சங்கிலி தனியாக வேணும். இது செலவே இல்லாத விஷயம், ஆனால் பத்தில் ஒன்பது பேர் போடுவதில்லை.

பாரம் ஏற்றுவது பற்றி என் பெரியப்பாவிடம் கற்றதைச் சொல்கிறேன். அவர் ஆண்டை வீட்டு வண்டிக்காரர். வண்டியை அவர்தான் ஓட்டுவார், ஊர்த்தெரு வந்ததும் இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தெரு தாண்டினதும் ஏறிக்கொள்வார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் மூட்டை ஏற்றும்போது ஒரு மூட்டையை அரை முழம் முன்னால் தள்ளு என்பார். முன்பாரம் கொஞ்சம் இருக்கணும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அந்தப் பாடம் அப்படியே மொபெட்டுக்குப் பொருந்தும். பின்பாரம் ஆனால் இணைப்பு மேலே தூக்கும், பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போகும், வண்டி வால் ஆட்ட ஆரம்பிக்கும். முன்பாரம் ரொம்பிப்போனால் பின்சக்கரம் அமுங்கி முன்சக்கரம் தூக்கும். எவ்வளவு சரி? மொத்தம் 150 கிலோ என்றால் இணைப்பு முனையில் 15 கிலோ. அதாவது பத்தில் ஒரு பங்கு. மளிகைக்கடைத் தராசில் முனையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரியப்பாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. ஏர்க்காலைக் கையால் ஒருதரம் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இழுப்பது பெரிய காரியமே இல்லை என்பதையும் சொல்லணும். நல்ல டயர், நல்ல பேரிங் என்றால் சமதளத் தார்ரோட்டில் 150 கிலோ வண்டியை நகர்த்த மூணு நாலு கிலோ இழுப்புப் போதும். பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஆரோவில் பக்கம் ஏறுகிற மேட்டில்தான் எஞ்சின் திணறும், கியர் இல்லாத வண்டியில் கிளட்ச் வழுக்கிச் சூடாகும், வாசனை வரும். கஷ்டம் நிறுத்துவதில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொபெட் 90 கிலோ, ஓட்டுறவர் 60. சேர்த்து 150. பின்னால் வண்டி 40, சுமை 110. அதுவும் 150. எடை சரியாக ரெண்டு மடங்கு, ஆனால் பிரேக் அதே பழைய டிரம் பிரேக். மணிக்கு 30 கிலோமீட்டரில் முன்னால் 9 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 17, 18 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த எட்டு ஒன்பது மீட்டரில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி முடிக்கலாம். வேகத்தை 20-ஆகக் குறைத்தால் அதே சுமைக்கு 8 மீட்டர். ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் நம்ம கையில் இருக்கிற ஒரே பிரேக். வண்டிக்கே தனி பிரேக் வைக்க முடியும், நம்ம பட்டறைகளில் இன்னும் யாரும் ஒழுங்காகச் செய்து நான் பார்க்கவில்லை. வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்காதீர்கள், பின்வண்டி மொபெட்டின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ரெண்டு ஒட்டுங்கள். உங்கள் பின்விளக்கை வண்டி மறைத்துவிட்டது என்பதே பாதிப்பேருக்குத் தோன்றுவதில்லை.

இனி சட்டம். இதை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வண்டி இழுக்கிற எதுவும் டிரெய்லர், அது தனியாகப் பதிவு செய்யப்படணும். நம்ம பட்டறை வண்டியைப் பதிவு செய்ய வழியே கிடையாது. போலீஸ் பிடித்தால் அபராதம், அதோடு போனால் பரவாயில்லை. விபத்தில் யாருக்காவது அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இது போதும், நஷ்டஈடு நம்ம தலையில் விழும். கோட்டக்குப்பத்துக்காரங்களுக்கு இன்னொரு வேடிக்கை. முத்தியால்பேட்டை வந்தாலே புதுச்சேரி. பத்து நிமிஷ ஓட்டத்தில் ரெண்டு அரசாங்கத்துப் போலீசுக்கும் பதில் சொல்லணும்.

வட இந்தியாவில் தண்ணீர் மோட்டார் எஞ்சினை மரவண்டியில் மாட்டி ஓட்டுகிற 'ஜுகாட்' வண்டிகள் உண்டு. அதுவும் மோட்டார் வாகனம்தான், பதிவும் இன்ஷூரன்சும் இல்லாமல் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. சென்னையில் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டிகள் பல வருஷமாகப் பிடிபடுவதும் மறுபடி ஓடுவதுமாக இருக்கின்றன. ஆனால் பேட்டரி ரிக்‌ஷா கதை வேறு மாதிரி முடிந்தது. 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஓட்டியவர்கள் எண்ணிக்கை பெரிது, ஓட்டுக்கணக்கும் பெரிது. 2015-இல் சட்டத்தையே திருத்தி, 4,000 வாட்டுக்குள் இருக்கிற பேட்டரி ரிக்‌ஷாவுக்கும் பேட்டரி சுமைவண்டிக்கும் தனி இடம் கொடுத்தார்கள். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி 1994-இல் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஏர் மாட்டினார். 'புல்லட் சாந்தி' என்று பேர். அதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. காரணம், அதைப் பார்த்து, அளந்து, எழுதி, படம் போட்டுக் கொண்டுபோக ஆட்கள் இருந்தார்கள். நம்ம பட்டறையில் கிராஸை வைத்து மூணு அசைவுக்கு வழி கண்டவர் பேர் எந்தத் தாளிலும் இல்லை. மாணவத் தோழர்களுக்கு நான் கேட்கிற வேலை அது. அளவெடுங்கள், படம் போடுங்கள், எது உடைந்தது ஏன் உடைந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். கள ஆய்வு என்று கல்லூரியில் சொல்லித் தருகிறார்களே, அதற்குப் பஸ் ஏறி எங்கேயும் போக வேண்டாம்.

வங்கியில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 வரைக்கும் ஜாமீன் இல்லாமல் கடன் உண்டு. தாட்கோ 1974-இலிருந்து இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் உண்டு. ஆனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் என்ன கேட்போம்? கொட்டேஷன். ஷோரூம் கொட்டேஷன் என்றால் லெட்டர்ஹெட், ஜி.எஸ்.டி. நம்பர், சீல் எல்லாம் இருக்கும், அரைமணியில் நகரும். பட்டறைக்காரர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்ததை நான் எந்த ஃபைலில் வைப்பது? வாகனக் கடன் என்றால் பதிவுச் சான்றில் வங்கி பேர் ஏறணும். பதிவே இல்லாத வண்டிக்கு எங்கே ஏறும்? அதனால் பத்தாயிரத்துக்குள் முடிகிற வண்டிக்கு வழி இல்லாமல், லட்ச ரூபாய் சுமை ஆட்டோவுக்குத் தள்ளப்படுகிறார்கள். இல்லையென்றால் தினவட்டிக்காரன் வாசல். பதிவு என்பது போலீஸ் சமாச்சாரம் மட்டும் இல்லை, கடனுக்கும் அதுதான் கதவு. அதனால்தான் சின்ன இழுவை வண்டிக்கும் ஒரு அளவு, ஒரு எடை, ஒரு வேக வரம்பு வைத்துச் சட்டத்தில் இடம் கொடு என்று கேட்பதை நான் சில்லறைக் கோரிக்கையாக நினைக்கவில்லை.

இப்ப அந்தத் தகராறுக்கு வருகிறேன்.

சவுக்குத் தோப்பில் வெட்டுகிறவர், பழைய இரும்பு எடுக்கிறவர், இளநீர் விற்கிறவர், கரையில் மீன் எடுத்துப் போகிற அம்மா, இவர்கள் வண்டி அவர்கள் சொத்து. மிச்சப்படுகிற நேரமும் அவர்களுடையது. தோப்புக்குள்ளும் களத்திலும் கரையிலும் ஓட்டுவதற்கு, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிட்டு, நல்ல கொக்கி செய்து கொடுங்கள். சாலைக்கு வருவதற்கு நாம் சேர்ந்து போராட வேண்டியிருக்கும்.

குப்பை வண்டி அப்படி இல்லை. அது உள்ளாட்சி அமைப்பின் வண்டி. இந்தக் கடலோரத்தில் ஒரு ஊரில், பேர் வேண்டாம், நான் பார்த்தேன். தொழிலாளி ஒருத்தர் தன் மகனோட எக்ஸெல்லை எடுத்துவந்து குப்பை வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிறார். பெட்ரோல் அவருடையது, கிளட்ச் அவருடையது, தவணையும் அவருடையது. மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? "உனக்குத்தான் வண்டி இருக்கே, பக்கத்துத் தெருவையும் சேர்த்துப் பாரு" என்றார். மசூர் ஸ்டேஷன் கணக்கு ஞாபகம் இருக்கா? கூலியும் நாமே கொடுத்து, வண்டியையும் நாமே ஓட்டணும். அதே கணக்கு.

அடிபட்டால் என்ன ஆகும்? வேலையில் ஏற்படும் விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தரணும் என்பது 1923-லேயே சட்டமான விஷயம். ஆனால் நாம் மாட்டிக் கொடுத்த கொக்கியில் விபத்து நடந்தால், "நாங்க மாட்டச் சொல்லல, அவரே மாட்டினார்" என்று வக்கீல் எழுந்து நிற்பார். வழக்கைக் கெடுக்கிற சாட்சியாக நம்ம கொக்கி அங்கே மேசைமேல் இருக்கும்.

1973-இல் தமிழ்நாடு அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுக்கிற ஆளைப் பார்த்து நீயே ஒரு சக்கரம் வாங்கி மாட்டிக்கொள் என்று சொல்லவில்லை. கையில் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அதிலும் மனுஷன்தான் மிதித்தான், அது வேறு விமர்சனம். ஆனால் கருவி கொடுப்பது யார் பொறுப்பு என்பதில் அன்றைக்குக் குழப்பம் இல்லை. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் கையுறை, காலணி, மழைக்கோட்டு, முகமூடி எல்லாம் தரணும் என்று எழுதி வைத்தன. கோட்டக்குப்பமே 2021-இல் நகராட்சி ஆகிவிட்டது. பேரூராட்சிகூட பேர் மாற்றிக்கொள்கிறது, துப்புரவுத் தொழிலாளர் என்கிற பேரும் தூய்மைப் பணியாளர் என்று மாறிவிட்டது. எங்கெல்லாம் தள்ளுவண்டி மாறவில்லையோ அங்கெல்லாம் பேட்டரி வண்டி கேட்டு, தொழிலாளிகளின் கையெழுத்தோடு மனு போடணும். எத்தனை வண்டி வாங்கினீர்கள், எத்தனை ஓடுகிறது, ஓடாதது எதனால் நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கணும். தம்பிகளே, உங்களுக்கு அங்கேயும் வேலை உண்டு. நிற்கிற வண்டி பேட்டரிக்காக நிற்கிறதா, பத்து ரூபாய் ஃபியூஸுக்காக நிற்கிறதா என்று சொல்லத் தெரிந்த ஆள் கூட இருந்தால் அதிகாரி கதை விட முடியாது.

"அதுவரைக்கும் தோள் வலி?" என்று அந்தத் தோழர் கேட்பார். கேட்கணும். தள்ளுவண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், பாதி வண்டியில் பேரிங் துருப்பிடித்து உறைந்திருக்கும், டயரில் காற்று இருக்காது. அதைச் சரி செய்தாலே தள்ளுற பாரம் பாதியாகும். பிடி இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்தால் குனிந்து தள்ளணும், முதுகு போகும். அதை உயர்த்தலாம். இதை இந்த வாரமே செய்யலாம். செய்த செலவுக்கு பில் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பணும், இனாமாகச் செய்யக்கூடாது. பணம் வராது என்று எனக்கும் தெரியும். பில் அங்கே ஃபைலில் ஏறட்டும்.

இன்னொன்று, அந்த அக்காமாரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். போன மாசம் நாம் ரெண்டு மணி நேரம் அவர்கள் தோளைப் பற்றிப் பேசினோம், அறையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கூட்டத்தை மதியம் ரெண்டு மணிக்கு மேல் வைத்தால் வருவார்கள். அவர்கள் வந்து, கொக்கிதான் வேணும் என்று சொன்னால், நான் இன்று பேசியதை மறுபடி அவர்களிடமே பேசிப் பார்ப்பேன், அப்புறம் அவர்கள் சொல்வதைக் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறை திறந்திருக்கும். சவுக்குத் தோப்பு மாமாவுக்கு முதல் வண்டி. பழைய இரும்புக் கடையில் கிராஸ் தேடப்போகிறவர்கள் நாலு கிண்ணத்தையும் விரலால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள், ஒன்று கரகரத்தாலும் வேண்டாம். மணல் மூட்டை ரெண்டு, மளிகைக்கடைத் தராசு ஒன்று. முதல் ஓட்டம் மைதானத்தில்தான், ரோட்டில் கிடையாது. ஹெல்மெட் போடாமல் வருகிறவர் வெறுமனே நின்று வேடிக்கை பார்க்கலாம்.